கடினமாக அமைந்த உயிரியல் தேர்வையும் அதன் நெடுவினாவையும் மீளாய்வு செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

அரையாண்டுத் தேர்வில் உயிரியல் தாள் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது என்று சொல்லும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்காகவும், அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவும் பெற்றோர், அண்ணன், அக்காமாருக்காகவும் இதை எழுதுகிறேன். காரைக்குடியில் மாலை வேளைகளில் உயிரியல் சொல்லித் தருவதால், தேவகோட்டை, கல்லல், புதுவயல் எனச் சுற்று வட்டாரத்திலிருந்து வரும் பிள்ளைகளின் திருத்திய விடைத்தாள்கள் ஆண்டுதோறும் என் கைக்கு வருகின்றன. "படிக்காத கேள்வி வந்துவிட்டது" என்று அவர்கள் காட்டும் நெடுவினாக்களில் பெரும்பாலானவை அவர்கள் படித்த பாடத்திலிருந்தே வந்தவை. வினா கேட்டது ஒன்று, அவர்கள் எழுதியது அதற்குப் பக்கத்தில் உள்ள இன்னொன்று. மதிப்பெண் போனது அந்த இடைவெளியில்தான். அதை விடைத்தாளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கீழே உள்ள படிகளை முன்பின்னாகச் செய்தால் அது கண்ணில் படாது.

தொடங்கும் முன் தேவையானவை

வினாத்தாள், பாடநூல், வெற்றுத் தாள்கள், இரண்டு நிறப் பேனாக்கள், ஒரு கடிகாரம் ஆகியவை போதும். கைடு புத்தகத்தை முதல் நான்கு படிகள் முடியும்வரை எடுக்க வேண்டாம். கைடில் விடை முழுமையாக இருப்பதால், அதைப் பார்த்தவுடன் "இது எனக்குத் தெரியுமே" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதன்பின் உண்மையில் எது தெரியவில்லை என்பதைக் கண்டறிய வழியில்லை.

தாளின் அமைப்பையும் ஒருமுறை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்; அதில் உயிரி-தாவரவியல் 35, உயிரி-விலங்கியல் 35. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மதிப்பெண் வினாக்கள் எட்டும், இரண்டு மதிப்பெண் வினாக்கள் நான்கும், மூன்று மதிப்பெண் வினாக்கள் மூன்றும், ஐந்து மதிப்பெண் நெடுவினாக்கள் இரண்டும் எழுத வேண்டும். இரு பகுதிகளையும் சேர்த்தால் நெடுவினாக்கள் மட்டும் 20 மதிப்பெண். மூன்று மணி நேரத்தை 70 மதிப்பெண்ணுக்குப் பகிர்ந்தால் ஒரு நெடுவினாவுக்கு ஏறத்தாழ 13 நிமிடம் கிடைக்கிறது. இந்த 13 என்ற எண் பின்னால் தேவைப்படும்.

1. எழுதியதை அன்று மாலைக்குள் மீட்டெழுதுதல்

தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்ததும், யாரிடமும் விடையைப் பற்றிப் பேசுவதற்கு முன், ஒவ்வொரு நெடுவினாவுக்கும் நீங்கள் எழுதியதை அரைப்பக்கக் குறிப்பாக எழுதி வையுங்கள். முழு விடை தேவையில்லை. எந்தத் துணைத்தலைப்புகளை இட்டீர்கள், எந்த வரிசையில் இட்டீர்கள், படம் வரைந்தீர்களா, எத்தனை பாகங்களைக் குறித்தீர்கள், எந்த இடத்தில் பேனா நின்றது, தோராயமாக எவ்வளவு நேரம் ஆனது என்பவை போதும்.

இதற்கு அவசரம் காட்டக் காரணம் உண்டு. தேர்வு முடிந்த பிள்ளைகள் பேருந்தில் ஏறியதுமே விடைகளை ஒப்பிடத் தொடங்குகிறார்கள். தோழி சொன்ன சரியான விடையை இரவுக்குள் தானும் எழுதியதாகவே நம்பிவிடும் மாணவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்வதில்லை. கேட்டதும் எழுதியதும் நினைவில் கலந்துவிடுகின்றன. பதினைந்து நாள் கழித்து விடைத்தாள் கைக்கு வரும்போது "நான் எழுதியதற்கு மதிப்பெண் தரவில்லை" என்ற மனக்குறை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2. "கடினம்" என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தல்

வினாத்தாளில் நீங்கள் தடுமாறிய ஒவ்வொரு வினாவின் பக்கத்திலும் ஓர் எழுத்தை இடுங்கள். பாடத்தையே படிக்கவில்லை என்றால் 'ப'. படித்தது நினைவுக்கு வரவில்லை என்றால் 'நி'. வினா என்ன கேட்கிறது என்று புரியவில்லை என்றால் 'வி'. தெரிந்தும் நேரம் போதவில்லை என்றால் 'நே'. ஒரு வினாவுக்கு ஓர் எழுத்துக்கு மேல் இடக் கூடாது, ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

'நே' விழுந்த வினாக்கள் எல்லாம் விலங்கியல் பகுதியிலேயே இருந்தால், தாவரவியலில் கூடுதல் நேரம் செலவிட்டிருக்கிறீர்கள் என்று பொருள். பாடத்தை மறுபடி படிப்பதால் அது சரியாகாது. இரண்டுக்கும் தனித்தனி விடைத்தாள் என்பதால், முதல் விடைத்தாளை அழகாக முடிக்கும் ஆசையில் கடிகாரத்தை மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. 'ப' விழுந்தவற்றுக்கு இந்த வழிகாட்டி உதவாது. அந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

3. நெடுவினாவை அதன் ஏவலாகவும் பகுதிகளாகவும் உடைத்தல்

மீளாய்வில் அதிக நேரத்தை இந்தப் படிக்கே ஒதுக்குங்கள். ஒவ்வொரு நெடுவினாவிலும் ஓர் ஏவல் இருக்கிறது: விளக்குக, விவரி, வேறுபடுத்துக, காரணம் கூறுக, படத்துடன் விளக்குக. அந்த ஏவலுக்கு ஒரு நிறத்தில் அடிக்கோடு இடுங்கள். பிறகு, வினா எத்தனை தனிச் செய்திகளைக் கேட்கிறது என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் மற்ற நிறத்தில் எண் இடுங்கள். ஒரே வாக்கியத்தில் மூன்று கேள்விகள் ஒளிந்திருப்பது உண்டு.

எடுத்துக்காட்டாக, நான் பயிற்சிக்குக் கொடுக்கும் ஒரு வினாவைப் பாருங்கள்: "ஒரு கிராமத்து ஊரணி நெடுங்காலமாகத் தூர்வாரப்படாமல் விடப்படுகிறது எனக் கொள்க. அதில் அடுத்தடுத்துத் தோன்றும் தாவரச் சமுதாயங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் அடுத்ததற்கு எவ்வாறு வழிவிடுகிறது என்று விளக்குக."

இது பாடநூலில் உள்ள நீர்நிலை வழிமுறை வளர்ச்சிதான். 'ஊரணி' என்ற சொல்லைக் கண்டதும் சிலர் இது பாடத்தில் இல்லை என்று முடிவு கட்டி, 'அல்லது' என்று மாற்றாகத் தந்திருக்கும் வினாவுக்குத் தாவிவிடுகிறார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் வழிமுறை வளர்ச்சிக்கு வரையறை தந்து, முதல்நிலை, இரண்டாம் நிலை என வகைகளை விரித்து, பின்பு ஏழு நிலைகளின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டியலிட்டு முடிக்கிறார்கள். ஒன்றரைப் பக்கம் நிரம்பியிருக்கும்; ஆயினும் பாதி மதிப்பெண்ணைத் தாண்டுவது அரிது. வினாவின் இரண்டாம் பகுதியான 'எவ்வாறு வழிவிடுகிறது' என்பதற்கு ஒரு வரிகூட அதில் இல்லை. கேட்காத வரையறைக்கும் வகைகளுக்கும் அரைப்பக்கம் போயிருக்கிறது.

கேட்டதை மட்டும் எழுதினால் விடை இப்படி நகரும். முதலில் நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகளும் டயட்டம்களும் முன்னோடிகளாகத் தோன்றுகின்றன. அவை மடிந்து அடியில் படிய, மழைநீர் கொண்டுவரும் வண்டலும் சேர்ந்து, வேரூன்றுவதற்கு ஏற்ற சேறு உருவாகிறது. அந்தச் சேற்றில் ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்ற மூழ்கிய தாவரங்கள் வருகின்றன. அவற்றின் மட்கு அடித்தளத்தை மேலும் உயர்த்த, ஆழம் குறைந்த நீரில் அல்லியும் தாமரையும் வேரூன்றி இலைகளை நீர்ப்பரப்பில் விரிக்கின்றன. விரிந்த இலைகள் ஒளியை மறைப்பதால் கீழே மூழ்கியிருந்த தாவரங்கள் ஒழிகின்றன. நீர் இன்னும் குறையும்போது சம்பும் நாணலும் மட்டநிலத்தண்டுகளால் பரவி நாணற் சதுப்பு நிலையை உண்டாக்குகின்றன. பிறகு கோரை இனங்கள் பாய்போல் படர்ந்து சதுப்புப் புல்வெளியாகின்றன. நீராவிப்போக்கால் மண் மேலும் உலர்கிறது. உலர்ந்த மண்ணில் புதர்ச்செடிகளும், இறுதியில் மரங்களும் இடம் பிடித்து உச்ச சமுதாயம் அமைகிறது. இங்கே ஒவ்வொரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையில் ஒரு 'ஆகவே' இருக்கிறது. அந்த 'ஆகவே' இருக்கிறதா என்றுதான் உங்கள் விடையில் தேட வேண்டும்.

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் ஒரு வசதி உண்டு. மழைக்குப் பிறகு, குடிநீருக்கு அல்லாத, பராமரிப்புக் குறைந்த ஓர் ஊரணியின் கரையில் நின்று நடுவிலிருந்து கரைவரை பாருங்கள். ஆழமான இடத்தில் மூழ்கிய கொடிகள், அதற்கு இப்பால் அல்லி இலைகள், ஓரத்தில் சம்பு, ஈரமண்ணில் கோரை, மேட்டில் புதர் என்று நிலைகள் பெரும்பாலும் இடவரிசையில் தெரியும். காலத்தில் நிகழும் வரிசையை இடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. கரையில் காடாக நிற்கும் சீமைக்கருவேலத்தைப் பார்த்துவிட்டு, அதையே உச்ச சமுதாயம் என்று எழுதிவிடுகிறார்கள். புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா அயல்நாட்டிலிருந்து வந்து பரவிய ஆக்கிரமிப்புத் தாவரம். அதே தாவரவியல் பாடநூலில் அது ஆக்கிரமிப்புச் சிற்றினங்களின் பட்டியலில் இருக்கிறது. அதுபோலவே ஆகாயத்தாமரையும். கண்ணால் கண்டதை விடையில் சேர்க்கும்போது, பாடநூலில் அது எந்தத் தலைப்பின்கீழ் வருகிறது என்று சரிபார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

சோதனையை விளக்கச் சொல்லும் வினாக்களில் பிழை வேறுவிதமாக அமைகிறது. 1958ஆம் ஆண்டின் மெசல்சன், ஸ்டால் சோதனையை விளக்கச் சொன்னால், "டி.என்.ஏ. பாதி பழமை காத்து இரட்டிப்படைகிறது" என்ற முடிவைப் பலவிதமாகத் திருப்பித் திருப்பி எழுதுகிறார்கள். வினா கேட்பது செய்முறையை: ஈ. கோலை பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன்-15 உள்ள ஊடகத்தில் வளர்த்தது, பின் நைட்ரஜன்-14 உள்ள ஊடகத்துக்கு மாற்றியது, சீசியம் குளோரைடு அடர்த்திச் சரிவில் மையவிலக்கம் செய்தது, முதல் தலைமுறையில் இடைப்பட்ட அடர்த்தியில் ஒரே பட்டையும் இரண்டாம் தலைமுறையில் இடைப்பட்ட பட்டையோடு லேசான பட்டையும் கிடைத்தது. முடிவுக்கு ஒரு வரி போதும்.

4. விடைக்குறிப்பை நீங்களே தயாரித்தல்

ஆசிரியரின் விடைக்குறிப்பைப் பார்க்கும் முன், பாடநூலைத் திறந்துவைத்து, ஐந்து மதிப்பெண்ணை நீங்களே பகிர்ந்து பாருங்கள். திருத்துபவர் இடத்தில் உட்கார்ந்து பகிர்ந்தால்தான், எந்த வரிக்கு மதிப்பெண் உண்டு, எந்த வரி வெறும் இட்டுநிரப்பல் என்பது தெரிய வரும்.

லாக் ஓபரான் என்பது, லாக்டோஸைப் பயன்படுத்தத் தேவையான நொதிகளுக்காக ஈ. கோலை பாக்டீரியாவில் சேர்ந்து இயங்கும் மரபணுத் தொகுப்பு. அதைப் பற்றிய வினாவை நான் இவ்வாறு பகிரச் சொல்வேன். ஓபரானின் பகுதிகளும் மரபணுக்களும், அதாவது அடக்கிப் புரதத்தை உண்டாக்கும் ஐ மரபணு, புரோமோட்டர், ஆபரேட்டர், அமைப்பு மரபணுக்களான இசட், ஒய், ஏ ஆகியவையும் அவை தரும் பீட்டா-கேலக்டோசிடேஸ், பெர்மியேஸ், டிரான்ஸ்அசிட்டைலேஸ் என்ற நொதிகளும், ஒன்றரை மதிப்பெண். லாக்டோஸ் இல்லாதபோது நிகழ்வது ஒரு மதிப்பெண். லாக்டோஸ் இருக்கும்போது நிகழ்வது ஒன்றரை மதிப்பெண். பாகங்கள் குறித்த படம் ஒரு மதிப்பெண். பள்ளியின் குறிப்பு சற்று மாறலாம். ஆனால் நிலைமை இரண்டையும் தனித்தனியே எழுதாத விடைக்கு எந்தக் குறிப்பிலும் முழு மதிப்பெண் கிடைக்காது.

இந்த வினாவில் திரும்பத் திரும்ப வரும் பிழை, "லாக்டோஸ் ஆபரேட்டருடன் இணைகிறது" என்பது. ஆபரேட்டரில் உட்கார்ந்து ஆர்.என்.ஏ. பாலிமரேஸின் வழியை மறிப்பது அடக்கிப் புரதம். தூண்டியாகச் செயல்படும் லாக்டோஸ் அந்தப் புரதத்துடன்தான் இணைகிறது. இணைந்ததும் புரதத்தின் வடிவம் மாறி, அது ஆபரேட்டரைப் பற்ற முடியாமல் போகிறது. வழி திறந்து படியெடுத்தல் நடக்கிறது. எது எதனுடன் இணைகிறது என்ற ஒரே ஓர் இடம் தவறினால், அதைத் தொடரும் வாக்கியங்கள் அனைத்தும் தவறாகிவிடும். இத்தகைய பிழையை 'நினைவு வரவில்லை' என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். இது தவறாகவே படிந்துவிட்ட நினைவு. பாடத்தை இன்னொரு முறை வாசித்தால் போகாது. மூன்று கட்டங்களாகப் படம் வரைந்து, அம்புக்குறியிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

5. திருத்திய விடைத்தாளை வரிவரியாக ஒப்பிடுதல்

விடைத்தாள் கைக்கு வந்ததும் முதற்பக்கத்தில் உள்ள மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைப்பது எல்லாரும் செய்வது. அதற்குப் பதிலாக, முதலில் கூட்டல் சரியா, திருத்தப்படாத பக்கம் ஏதும் உள்ளதா, வினா எண் தவறாக இட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் பாடத்தோடு சம்பந்தமில்லாதவை. முதலிலேயே முடித்துவிட்டால் மனம் பாடத்தில் நிற்கும்.

அடுத்து, முதல் படியில் எழுதிய மீட்டெழுத்தையும், நான்காம் படியில் தயாரித்த குறிப்பையும், விடைத்தாளையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பில் உள்ள ஒவ்வொரு செய்தியும் விடைத்தாளில் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். "அந்த அர்த்தத்தில்தான் எழுதினேன்" என்று தோன்றும் இடங்களுக்குத் தனிக் குறியிடுங்கள். மனத்தில் இருந்தது தாளில் இல்லாத இடங்கள் அவையே. நீட் பயிற்சிக்கும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைகளிடம் இவை மிகுதி. விடையைத் தேர்ந்தெடுத்துப் பழகிய கைக்கு, காரணத்தை முழு வாக்கியமாக எழுதுவது நேரவிரயமாகத் தோன்றுகிறது.

ஆசிரியரிடம் போகும்போது "ஏன் சார் குறைத்தீர்கள்?" என்று கேட்காமல், "சார், இந்த இடத்தில் இன்னும் என்ன எழுதியிருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவர் தம் திருத்தத்தைக் காக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவதற்குப் பாடத்தைச் சொல்லித் தருவார்.

பொதுத் தேர்வாக இருந்தால் இந்தப் படிக்கு விடைத்தாள் நகல் வேண்டும். முடிவு வந்தபின் அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும் நாள்களுக்குள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். மறுமதிப்பீடு கோர நினைப்பவர் முதலில் நகலைப் பெற்றிருக்க வேண்டும். நகலை மேற்சொன்னபடி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டலாமா என்று முடிவு செய்வது நல்லது. கோபத்தில் கட்டும் பணம் பெரும்பாலும் வீண்.

6. அதே நெடுவினாவை மறுபடி எழுதுதல்

ஒப்பிட்டு முடித்த அன்றே எழுத வேண்டாம். கண்ணெதிரே பார்த்த விடையை அன்றே எழுதினால் அது நகலெடுத்தல் ஆகும். இரண்டு நாள் இடைவெளி விட்டு, புத்தகத்தை மூடி, 13 நிமிடத்துக்கு அலாரம் வைத்து எழுதுங்கள். முதல் ஒரு நிமிடத்தில் வினாவின் பகுதிகளை எண்ணி, துணைத்தலைப்புகளை மனத்தில் வரிசைப்படுத்த வேண்டும். படத்துக்கு மூன்று நிமிடத்துக்குமேல் கொடுக்கக் கூடாது. பென்சிலால் வரைந்து, பாகங்களைக் குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் ஒரே பக்கமாக இழுத்தால் போதும். நிழல் தீட்டும் வேலையெல்லாம் செய்முறைப் பதிவேட்டோடு நிற்கட்டும்.

அலாரம் அடித்ததும் பேனாவை வைத்துவிடுங்கள். முடிக்காத விடையும் ஒரு செய்தி சொல்கிறது: எந்தத் துணைத்தலைப்பில் நேரம் போயிற்று என்று பார்த்தால், பெரும்பாலும் அது முன்னுரையாகத்தான் இருக்கும். ஐந்து மதிப்பெண் விடைக்கு முன்னுரை தேவையில்லை என்பது என் கருத்து. சில ஆசிரியர்கள் இதை ஏற்க மாட்டார்கள். தமிழ்த்தாள் கட்டுரைக்கு இட்ட பழக்கத்தை உயிரியலுக்கும் கொண்டுவருவதால் வரும் செலவு இது.

எல்லா நெடுவினாக்களையும் இப்படி மறுபடி எழுத முயலாதீர்கள். 'வி', 'நி' குறிகள் விழுந்தவற்றை மட்டும் எழுதினால் போதும்.

7. திருப்புதல் தேர்வின் முதல் பத்து நிமிடம்

மீளாய்வு பயன்பட்டதா என்பதை அடுத்த தேர்வின் வாசிப்பு நேரத்தில்தான் சோதிக்க முடியும். பொதுத் தேர்வில் வினாத்தாளை வாசிக்கப் பத்து நிமிடம் தருகிறார்கள். பல பள்ளிகள் திருப்புதல் தேர்விலும் அப்படியே செய்கின்றன. அந்த நேரத்தில் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு விடை தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நேரே நெடுவினாக்களுக்குப் போய், 'அல்லது' இட்ட இரண்டையும் வாசித்து, இரண்டின் ஏவலையும் பகுதிகளையும் எண்ணுங்கள். வினாத்தாளில் எதையும் குறிக்கக் கூடாது என்பதால் இதை மனத்துக்குள்ளேயே செய்ய வேண்டும். வீட்டில் வண்ணப் பேனாவோடு பழகியது இதற்காகத்தான்.

இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் வந்தால், எந்தப் பாடம் பிடிக்கும் என்று பார்க்காதீர்கள். எதன் எல்லாப் பகுதிகளுக்கும், குறைவாகவேனும், உங்களால் விடை எழுத முடியும் என்று பாருங்கள். ஒரு பகுதியை மட்டும் மிக நன்றாக எழுதும் விடைக்கு அந்தப் பகுதிக்குரிய மதிப்பெண்ணுக்குமேல் கிடைக்காது. தேர்ந்தெடுத்த பின் மாற்றக் கூடாது. பாதி எழுதிவிட்டு அடித்து மற்றதற்குப் போனால், இழக்கும் ஏழெட்டு நிமிடம் அடுத்த பகுதியின் நெடுவினாவிலிருந்துதான் கழியும்.